கில்கெனிக் கோட்டையும் மொழித் தடைச் சட்டமும்

அயர்லாந்து நாட்டின் தென்கிழக்குப் பகுதியில் நோர் என்னும் ஆறு ஓடுகின்றது. அவ்வாறு வளைந்து செல்லும் ஓரிடத்தில், கரைமேல் ஓங்கி நிற்கும் கோட்டையும், ஊரின் மறுகோடியில் மேட்டின்மீது நிற்கும் பழைய தேவாலயமும், இவ்விரண்டுக்கும் இடையே நீண்டு கிடக்கும் பெருந்தெருவுமாக அமைந்த ஊர் கில்கெனி. தலைநகராகிய டப்ளினில் இரயில் ஏறினால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் இவ்வூரை அடையலாம். ஊருக்குள் வண்டி வேண்டுவதில்லை. கோட்டையிலிருந்து தேவாலயம் வரை நடந்தே சென்றுவிடலாம்.

பயணிகள் பெரும்பாலும் கோட்டையைச் சுற்றிப் பார்த்து, பூங்காவில் இளைப்பாறி, கடைத்தெருவில் சிறிது உலாவித் திரும்பிவிடுகின்றனர். மொழி கற்பிக்கும் தொழிலில் உள்ள ஒருவர் அங்குச் செல்வாராயின் அவர் நின்று எண்ண வேண்டிய செய்தி ஒன்று அவ்வூர் வரலாற்றில் இருக்கின்றது. ஐரிஷ் மொழியின் பரவலைத் தடுக்க வேண்டி 1366 ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதனை இயற்றிய பாராளுமன்றம் கூடியது கில்கெனியிலேதான். ஆதலின் அச்சட்டங்களுக்குக் 'கில்கெனிச் சட்டங்கள்' என்றே பெயர் வழங்கலாயிற்று. அவை என்னவாயின, அம்மொழி என்னவாயிற்று என்பதை அவ்வூரின் கற்களைக் கொண்டே ஒருவாறு படித்தறியலாம்.

முதலில் தேவாலயம் இருக்கும் மேட்டிலிருந்து தொடங்குதல் நன்று. ஊரின் பெயரே அங்குப் பிறந்தது. ஐரிஷ் மொழியில் 'கில்' என்றால் கோயில். 6 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கெனிஸ் என்னும் அடியார் பெயரால் எழுந்த கோயிலைச் சுற்றி வளர்ந்தமையால் ஊர் கில்கெனி ஆயிற்று. தேவாலயத்தின் பக்கத்தில் ஏறத்தாழ 100 அடி உயரமுள்ள வட்டக் கோபுரம் ஒன்று உண்டு. இப்பொழுதுள்ள தேவாலயம் 13 ஆம் நூற்றாண்டினது. கோபுரமோ அதனினும் பழையது. உட்புறத்து ஏணிப்படிகளில் ஏறி உச்சியை அடைந்தால் ஊர் முழுவதும் கீழே விரிந்து தோன்றும். அயர்லாந்தில் இத்தகைய கோபுரங்கள் பல இருந்தும், ஏறிப் பார்க்கக்கூடியவை மிகச் சிலவே.

உச்சியிலிருந்து நோக்குவோர்க்கு ஊர் ஒன்றாகத் தோன்றினும், பழங்காலத்தில் அஃது இரண்டு ஊர். பிரேகா என்னும் சிற்றாறு இடையே ஓட, இப்பால் இருந்தது 'ஐரிஷ் ஊர்'. அப்பால் மதில் சூழ இருந்தது 'ஆங்கில ஊர்'. இரண்டுக்கும் தனித்தனி நகராட்சிகள் இருந்தன. 19 ஆம் நூற்றாண்டில்தான் அவை ஒன்றாயின. 'ஐரிஷ் ஊர்' என்ற பெயர் இன்றும் அத்தெருவுக்கு வழங்குகின்றது. இரண்டு ஊர்களையும் பிரித்த சிற்றாற்றை ஒரு சிறுவன்கூட ஒரு மூச்சில் கடந்துவிடுவான். பிரிவினையின் தன்மை இதிலிருந்தே விளங்கும்.

இந்த ஆங்கில ஊர் எப்படி வந்தது? 1169 ஆம் ஆண்டில் நார்மானியப் படை அயர்லாந்தில் இறங்கியது. அதன் தலைவர்களுள் முதன்மையானவர் 'ஸ்ட்ராங்போ' என்னும் பட்டப்பெயர் கொண்ட ரிச்சர்டு பிரபு. நோர் ஆற்றைக் கடக்கும் இடத்தைக் காக்க அவர் ஓர் அரணை எழுப்பினார். அவருடைய மருமகன் வில்லியம் மார்ஷல் அவ்விடத்தில் கற்கோட்டை கட்டுவித்தார். 13 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது நிறைவெய்தியது. நாற்புறமும் மதில், நான்கு மூலையிலும் நான்கு வட்டக் கோபுரம் என்பது அதன் அமைப்பு. 1391 ஆம் ஆண்டில் ஆர்மண்டுப் பிரபுவான ஜேம்ஸ் பட்லர் கோட்டையை விலைக்கு வாங்கினார். அன்று தொட்டு 1935 ஆம் ஆண்டு வரை, ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக, அது பட்லர் குடும்பத்தின் உறைவிடமாக இருந்தது.

வந்தவர்கள் வென்றார்கள், நிலத்தைப் பிடித்தார்கள், கோட்டை கட்டினார்கள். ஆயினும் இரண்டு நூற்றாண்டு கழிவதற்குள் அவர்தம் மக்களும் பேரர்களும் ஐரிஷ் மொழி பேசலாயினர். ஐரிஷ் குடும்பங்களிற் பெண் கொண்டனர். பாணரை வரவேற்றுப் பொருள் கொடுத்தனர். வழக்குகளை ஆங்கிலச் சட்டப்படி தீர்க்காமல், அந்நாட்டு நடுவர்களின் தொல்முறைப்படி தீர்த்துக்கொண்டனர். குதிரைமேல் சேணமின்றி ஏறுவதுகூட ஐரிஷ் வழக்கமாயிற்று. இலண்டனில் இருந்த அரசுக்கு இஃது அச்சம் தந்தது. தன் குடிகள் தன் கையைவிட்டு நழுவிப் போவதை அஃது உணர்ந்தது.

ஆகவே மூன்றாம் எட்வர்டு மன்னர் தம் மகன் லயனல் இளவரசரை அயர்லாந்துக்கு ஆளுநராக அனுப்பினார். அவர் தலைமையில் 1366 இல் கில்கெனியிற் கூடிய பாராளுமன்றம் முப்பதுக்கு மேற்பட்ட விதிகளை இயற்றியது. ஆங்கிலக் குடியினர் ஐரிஷ் மக்களோடு மணவுறவு கொள்ளலாகாது, தம் குழந்தைகளை அவர்களிடம் வளர்க்க விடலாகாது, ஆங்கிலத்திலேயே பேசவேண்டும், ஆங்கிலப் பெயரே இடவேண்டும், ஐரிஷ் பாணரையும் கதை சொல்வோரையும் வீட்டில் ஏற்கலாகாது. மொழி விதியை மீறியவரின் நிலம் பறிக்கப்படும்; ஆங்கிலத்தைக் கைக்கொள்வதாகப் பிணை கொடுத்த பின்னரே அது திரும்பக் கிடைக்கும். நிலமில்லாதவன் பிணை கிடைக்கும் வரை சிறையிலிருக்க வேண்டியதுதான்.

இவ்விதிகள் ஐரிஷ் மக்கள் அனைவரையும் ஆங்கிலம் பேசச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். அரசின் கை எட்டிய பகுதிகளில் வாழ்ந்த ஆங்கிலக் குடியினரையும், அவர்களிடையே வாழ்ந்த ஐரிஷ் மக்களையும் குறித்தே அவை எழுந்தன. ஆட்சியாளர் தம் சொந்த இனத்தார்க்கே தம் மொழியைப் பேசுமாறு சட்டம் போட வேண்டிய நிலை வந்தது என்றால், மற்ற மொழியின் ஈர்ப்பு எத்தகையதாய் இருந்திருக்க வேண்டும்! வேடிக்கை இன்னொன்று. ஆங்கிலத்தைக் காக்க எழுந்த அச்சட்டம் ஆங்கிலத்தில் எழுதப்படவில்லை. நார்மானியப் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டது. இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் ஆங்கிலத்தில் வாதாடலாம் என்று விதி வந்ததே அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1362 இல்தான். அந்த விதியும் பிரெஞ்சு மொழியிலேயே எழுதப்பட்டிருந்தது.

ஈண்டு ஒரு விளக்கம். ஐரிஷ் மொழியை ஆங்கிலத்தின் ஒரு கிளைவழக்கென்று கருதுவாரும் உளர். அது பிழை. அது கெல்டிய மொழிக் குடும்பத்தைச் சார்ந்தது. ஸ்காட்லாந்தின் கேலிக் மொழிக்கு உடன்பிறப்பு. வேல்ஸ் மொழிக்கு உறவு. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856 இல் வெளியிட்ட கால்டுவெல் பிறந்தது அயர்லாந்தின் வடபகுதியில் என்பதைத் தமிழறிந்தோர் அறிவர்.

சட்டம் பலித்ததா? அடுத்த ஆண்டே அதற்கு விடை கிடைத்தது. 1367 இல் அயர்லாந்தின் தலைமை ஆட்சியாளராக அமர்த்தப்பட்டவர் டெஸ்மண்டுப் பிரபு ஜெரால்டு. அவர் நார்மானிய வழியினர். ஆனால் ஐரிஷ் மொழியிற் பாடல் இயற்றிய புலவர். சட்டத்தை நடத்த வேண்டியவரே சட்டம் வெறுத்த மொழியிற் கவிஞராக இருந்தார். அவருடைய மகனை ஓ பிரையன் என்னும் ஐரிஷ் குலத்தாரிடம் வளர்க்க விடுவதற்கு 1388 இல் மன்னரே உரிமைச் சீட்டு வழங்கினார். பெருங்குடிப் பிள்ளைகளை வேறொரு குடும்பத்தில் வளர விடுதல் அந்நாட்டு மரபு. செவிலித்தாயின் மடியில் கேட்ட மொழியே அப்பிள்ளையின் மொழியாயிற்று. சட்டம் இயற்றியோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். அதனாலேயே வளர்ப்புமுறையைத் தடுக்க முயன்றனர். நோயைச் சரியாகவே கண்டனர், மருந்துதான் செல்லவில்லை.

கில்கெனிக் கோட்டையின் உரிமையாளர்களே இதற்குத் தக்க சான்று. அரசுக்கு மிக உண்மையாக நின்ற குடும்பம் பட்லர் குடும்பம். அக்குடும்பத்தில் 15 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த 'வெள்ளைப் பிரபு' எனப்பட்ட நான்காம் ஆர்மண்டுப் பிரபு ஐரிஷ் ஏடுகளைத் தொகுக்கச் செய்தார். அவருடைய உறவினர் எட்மண்டு பட்லர் என்பவர்க்காகக் கில்கெனி வட்டாரத்துப் பொட்டில்ராத் முதலிய இடங்களில் ஐரிஷ் எழுத்தர்கள் ஒரு பெரும் சுவடியை எழுதினர். 1462 இல் பில்டவுன் என்ற இடத்தில் நடந்த போரில் எட்மண்டு தோற்றுச் சிறைப்பட்டார். அவரை மீட்பதற்கு டெஸ்மண்டுப் பிரபுவுக்குக் கொடுக்கப்பட்ட மீட்புப் பொருள் என்ன? அச்சுவடியும் இன்னொரு நூலும். வென்றவரும் தோற்றவரும் நார்மானிய வழியினர். இருவர்க்கும் ஒப்ப விலைமதிப்புடையதாக இருந்தது ஐரிஷ் ஏடு! இந்நிகழ்ச்சி அச்சுவடியின் ஓரத்திலேயே குறிக்கப்பட்டிருக்கின்றது. சுவடி இன்று ஆக்ஸ்போர்டில் உள்ள போட்லியன் நூலகத்தில் இருக்கின்றது.

இன்னும் சற்றே முன் செல்வோம். 1495 இல் பாய்னிங்ஸ் என்பவர் ஆட்சியிற் கூடிய பாராளுமன்றம் கில்கெனிச் சட்டங்களை மீண்டும் உறுதி செய்தது. ஆனால் சேணத்தைப் பற்றிய விதியையும் மொழியைப் பற்றிய விதியையும் மட்டும் விலக்கிவிட்டது. அவற்றை இனி நடத்த இயலாது என்பதை அரசே ஒப்புக்கொண்டதாயிற்று. 1541 இல் எட்டாம் ஹென்றியை அயர்லாந்தின் மன்னரென்று அறிவிக்க டப்ளினில் பாராளுமன்றம் கூடியபொழுது, அங்கு நிகழ்ந்த ஆங்கில உரைகளைப் பிரபுக்கள் விளங்கிக்கொள்ளும்படி ஐரிஷ் மொழியில் பெயர்த்துச் சொன்னவர் யார் தெரியுமா? கில்கெனிக் கோட்டையின் தலைவராகிய ஆர்மண்டுப் பிரபுவே. சட்டம் பிறந்து 175 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதே சட்டத்தில் விளையாட்டைப் பற்றியும் ஒரு விதி உண்டு. கோல்களால் பந்தடித்து ஆடும் ஆட்டத்தை விடுத்து, ஆங்கிலக் குடியினர் வில்லும் வேலும் பயில வேண்டும் என்பது அவ்விதி. அவ்வகை ஆட்டம் 'ஹர்லிங்' என்னும் பெயரில் இன்றும் அயர்லாந்தின் பெருமைக்குரிய ஆட்டமாக விளங்குகின்றது. அதில் அகில அயர்லாந்துப் பட்டத்தை வேறெந்த மாவட்டத்தையும் விட மிகுதியான முறை வென்றது கில்கெனி மாவட்டம். 2015 இல் பெற்றது அதன் 36 ஆவது வெற்றி. ஆட்டநாளில் கறுப்பும் மஞ்சளுமான கொடிகள் ஊரெங்கும் பறக்கும்.

இனித் தெற்கே நடந்து கோட்டையை அடைவோம். வழியில் 'பாராளுமன்றத் தெரு' வரும். 1366 ஆம் ஆண்டுப் பாராளுமன்றத்தால் வந்த பெயரன்று அது. 1642 முதல் 1649 வரை அயர்லாந்துக் கத்தோலிக்கர் தமக்கென ஒரு கூட்டாட்சி அமைத்துக் கில்கெனியைத் தலைநகராகக் கொண்டனர். அதன் நினைவு அது. அக்கூட்டாட்சியில் பழைய ஆங்கிலக் குடியினரும் ஐரிஷ் குலத்தலைவரும் ஒருங்கே அமர்ந்தனர். எந்த ஊரில் இரு சாராரும் கலவாமற் சட்டம் செய்தார்களோ அந்த ஊரிலேயே அவர்கள் ஓரவையிற் கூடினர். 1650 மார்ச்சு மாதம் கிராம்வெல்லின் படை வந்து ஊரைப் பிடித்தது. தேவாலயத்தின் கூரையும் வண்ணக் கண்ணாடிகளும் அழிந்தன. கோட்டையின் ஒருபுறமும் ஒரு கோபுரமும் அம்முற்றுகையிற் சிதைந்தன. இன்று கோட்டைக்கு மூன்று புறங்களும் மூன்று கோபுரங்களுமே உள. திறந்து கிடக்கும் நாலாம் புறம் பரந்த பூங்காவை நோக்குகின்றது. அழிவினாற் கிடைத்த அழகு என்று அதனைச் சொல்ல வேண்டும்.

உள்ளே செல்வோர் பட்லர் குடும்பத்தாரின் அறைகளையும், மரக்கூரையில் வண்ணம் தீட்டிய நீண்ட ஓவியக் கூடத்தையும் காணலாம். 1935 இல் குடும்பத்தார் வெளியேறியபின் உள்ளிருந்த பொருள்கள் ஏலத்தில் சென்றன. கட்டடம் பாழடையத் தொடங்கியது. 1967 இல் ஆர்மண்டுப் பிரபு ஐம்பது பவுன் பெற்றுக்கொண்டு கோட்டையை ஊர் மக்களின் சீரமைப்புக் குழுவிடம் ஒப்படைத்தார். பின்னர் அரசு அதனை ஏற்றுச் செப்பனிட்டது. பூங்கா ஐம்பது ஏக்கர் அளவினது. மாலையில் அவ்வூர்க் குடும்பங்கள் அங்கு உலாவக் காணலாம்.

அவர்கள் பேசுவது ஆங்கிலம். 1366 இன் சட்டம் தோற்றதென்றால் இன்று கில்கெனித் தெருக்களில் ஆங்கிலம் ஒலிப்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை காணாமல் கோட்டையைப் பார்த்து வருவதிற் பயனில்லை.

17 ஆம் நூற்றாண்டுப் போர்களில் ஐரிஷ் மொழிப் புலவர்க்கு நிலமும் விருந்தும் அளித்த குடும்பங்கள் வீழ்ந்தன. மொழி ஏழைகளின் மொழியாயிற்று. 1695 இல் வந்த சட்டம் கத்தோலிக்கர் பள்ளி நடத்துவதைத் தடுத்தது. எனவே வேலியோரங்களிலும் மாட்டுக் கொட்டில்களிலும் மறைவாகப் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பிக்கும் ஆசிரியர் தோன்றினர். அவற்றை 'வேலிப் பள்ளிகள்' என்பர். அத்தகைய ஆசிரியருள் ஒருவர் அவ்லீவ் ஓ சூலிவான். கில்கெனி நகருக்குத் தென்மேற்கே பத்து மைல் தொலைவில் உள்ள கேலன் என்னும் சிற்றூரில் அவர் வாழ்ந்தார். தந்தையும் ஆசிரியரே. 1827 முதல் 1835 வரை அவர் ஐரிஷ் மொழியில் நாட்குறிப்பு எழுதினார். பறவைகள், பூக்கள், வானிலை, சந்தை விலை, அறுவடைக்கு முன் ஏழைகள் படும் பசி எல்லாம் அதில் உண்டு. ஊருக்கு ஊர் புதிய பள்ளிக் கட்டடங்கள் எழுவதையும், அவற்றில் ஆங்கிலமே கற்பிக்கப்படுவதையும் கண்டு, தாம் எழுதும் மொழிக்கு இன்னும் எத்தனை நாளோ என்று அவர் ஏங்கிய குறிப்பும் உண்டு. அவர் மறைந்தது 1838 இல். அந்நாட்குறிப்பு 1936, 1937 ஆம் ஆண்டுகளில்தான் அச்சேறியது.

ஓ சூலிவான் அஞ்சியது சட்டத்தை அன்று, பள்ளிக்கூடத்தை. 1831 இல் அரசு தேசியப் பள்ளிகளைத் தொடங்கியது. ஏழைப் பிள்ளைகட்கு எழுத்தறிவு தந்தது அப்பள்ளிகள் செய்த நன்மை. அதனை மறுத்தல் ஆகாது. ஆனால் பயிற்றுமொழி ஆங்கிலம். ஐரிஷ் மட்டும் அறிந்த பிள்ளைக்கும் ஆங்கிலத்திலேயே பாடம். பல ஊர்களில் பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டித் தொங்கவிட்டனர். அவன் ஐரிஷ் சொல் பேசுந்தோறும் அதில் ஒரு கீறல் விழும். கீறல்களை எண்ணி ஆசிரியர் பிரம்படி கொடுப்பார். வீட்டில் பேசியதற்குக் கீறலிட்டவர்கள் பெற்றோரே! அவர்களைக் கொடியவர் என்று சொல்லிவிடுதல் எளிது. நீதிமன்றம் ஆங்கிலத்தில், சந்தை ஆங்கிலத்தில், கப்பலேறி அமெரிக்கா சென்றால் பிழைப்பும் ஆங்கிலத்தில். தாங்கள் பட்ட துன்பம் பிள்ளை படலாகாது என்றே அத்தாய் தந்தையர் கருதினர். செவிலித்தாயின் மடியில் 1366 இன் சட்டத்தை வென்ற மொழி, தாயின் கையாலேயே கீறுண்டது.

அதன்மேல் பஞ்சம் வந்தது. 1845 இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஏழைகளின் உணவே அழிந்தது. 1841 இல் 82 இலட்சமாக இருந்த அயர்லாந்தின் மக்கள்தொகை 1851 இல் 65½ இலட்சமாயிற்று. ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் நாட்டைவிட்டு ஏகினர். மிகுதியும் வருந்தியவர் ஐரிஷ் பேசிய ஏழைகளே. கோட்டையிலிருந்து பாலத்தைக் கடந்து இரயில் நிலையம் நோக்கி நடப்போர், அதன் அருகே ஒரு பெரிய அங்காடிக் கட்டடத்தைக் காண்பர். அவ்விடம் பஞ்சகாலத்தில் ஏழையர் விடுதியாக இருந்தது. 2005, 2006 ஆம் ஆண்டுகளில் அங்கு அகழ்ந்தபொழுது, விடுதியில் இறந்து பெருங்குழிகளிற் புதைக்கப்பட்ட 970 பேரளவினரின் எலும்புகள் வெளிப்பட்டன. ஆய்வுக்குப் பின் அவை முறைப்படி மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. அவர்கள் நினைவாக அங்கு ஒரு தோட்டம் அமைக்கப்பட்டுள்ளது. கோட்டைக்குச் செல்லும் பயணிகளுள் பலர் இதனைப் பாராமலே செல்கின்றனர், செய்யத்தகாத செயல்.

1851 இன் குடிக்கணக்கின்படி ஐரிஷ் பேசியோர் 15 இலட்சத்துக்குச் சற்று மேல். 1911 இல் 5 இலட்சத்து 82 ஆயிரம். இவ்வீழ்ச்சியைத் தடுக்க 1893 இல் டக்ளஸ் ஹைடு முதலியோர் கேலிக் கழகத்தைத் தோற்றுவித்தனர். அதன் கிளை ஒன்று கில்கெனியிலும் இருந்தது. 1901 இல் இவ்வூர்ப் புனித கீரன் கல்லூரிக்கு ஓர் இளம் ஆசிரியர் வந்தார். தாய், தந்தை இருவரும் ஆசிரியர். பெயர் தாமஸ் மக்டோனா. ஐரிஷ் மொழியை அவர் பிறப்பில் அறியார். கில்கெனியிலேதான் கேலிக் கழகத்திற் சேர்ந்து அதனைக் கற்கத் தொடங்கினார். பின்னர் அரன் தீவுகளுக்குச் சென்று அம்மக்களோடு பழகித் தேர்ந்தார். கவிஞராகவும் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் விரிவுரையாளராகவும் விளங்கி, 1916 இன் விடுதலைப் பிரகடனத்திற் கையொப்பமிட்ட எழுவருள் ஒருவராகி, அவ்வாண்டு மே 3 ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். கில்கெனி இரயில் நிலையத்துக்கு 1966 இல் அவர் பெயர் சூட்டப்பட்டது.

இன்று அந்நாட்டின் அரசியல் சட்டப்படி ஐரிஷ் முதல் ஆட்சிமொழி. சாலைப் பலகைகளில் ஊர்ப்பெயர் ஐரிஷ் மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டிருக்கின்றது. பள்ளிகளில் அது பாடமாக உள்ளது. கில்கெனி நகரில் ஐரிஷ் மொழி வழியாகவே எல்லாப் பாடங்களையும் கற்பிக்கும் தொடக்கப் பள்ளியும் இடைநிலைப் பள்ளியும் நடைபெறுகின்றன. 2022 இன் குடிக்கணக்கில் ஐரிஷ் பேசத் தெரியும் என்று சொன்னோர் 18 இலட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல். நாட்டினரில் நூற்றுக்கு நாற்பதின்மர். பள்ளிக்கு வெளியே நாள்தோறும் அதனைப் பேசுவதாகச் சொன்னோர் ஏறத்தாழ 72 ஆயிரம் பேர்.